கரிநாக்கு அக்கா

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே கதை. கணினியில் ஐந்து பேர் ஐந்து பேரைச் சுட்டுத் தள்ளும் ஆட்டம், அரையிறுதி, மைக்கில் நான். "இந்தப் பையனை இன்னைக்கு யாராலயும் தொட முடியாது" என்று சொல்லி வாயை மூடவில்லை, அந்தப் பையன் கையெறி குண்டைத் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டு செத்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த சக வர்ணனையாளர் தன் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறார்: "ஏம்மா, வாயில என்னதான் வச்சிருக்க?"

நேரலையின் ஓரத்தில் ஓடும் கருத்துகளில் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். கரிநாக்கு அக்கா.

மேடையில் ஆடுகிறவர்கள் காதை இறுக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவே கேட்காது. அப்புறம் என் நாக்கு எப்படி அங்கே போய்க் கொல்லும்? சொன்னால் யார் கேட்கிறார்கள்.

நல்ல சேதி ஒன்று உண்டு. தம்பியின் அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. இந்த சீசன் முழுக்க அவனை நான் ஒரு தடவைகூடப் புகழவில்லை. அக்காக்காரி தூக்கி வைத்துப் பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

மார்ச் 5, வியாழன்

எதிரணியின் மேலாளர் சாக்லேட் பெட்டியோடு வந்து குழைகிறார். "மேடம், ஃபைனல்ல உங்க தம்பி டீமைக் கொஞ்சம் நல்லா புகழ்ந்து விடுங்க."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மட்டும் எடுத்துக்கொண்டு.

மார்ச் 9, திங்கள்

தயாரிப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார். இறுதிப் போட்டியில் நான் மைக்கில் இருக்கக் கூடாதென்று ஓர் அணி கேட்டிருக்கிறதாம். எந்த அணி? என் தம்பியின் அணி.

இதுக்குத்தானா இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்? என் முதல் ஃபைனல். ராத்திரி பகலா இவன் விளையாட, படிக்கிறான்னு அம்மாகிட்ட பொய் சொன்னது யாரு? நான்தானே?

போன் போட்டேன்.

"நான் கேக்கலக்கா. கோச்தான் கேட்டாரு."

"அப்ப நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

ஒண்ணும் சொல்லல. நல்லா இருடா.

மார்ச் 10, செவ்வாய்

திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான். எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஒருவழியாகச் சமரசம். நான் பேசலாம், ஆனால் அவர்கள் அணியைப் புகழக் கூடாது. தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவோ போனில், "தம்பியப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிடுடி" என்கிறாள். இந்த வீட்டில் யாருக்குமே என் பிழைப்பு புரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இறுதிப் போட்டி. தம்பி ஒருவனை வீழ்த்தினால் "சுட்டார்" என்றேன். இன்னொருவனை வீழ்த்தினால் "மறுபடியும் சுட்டார்". செய்தி வாசிக்கிறாயா என்று சக வர்ணனையாளர் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினார்.

கடைசிச் சுற்று. அவன் பக்கம் அவன் மட்டும்தான் மிச்சம், எதிரே நான்கு பேர். ஒருவன் விழுந்தான். இரண்டாமவன். மூன்றாமவன் புகைக்குள்ளிருந்து வந்தான் — அவனும். நான் எப்போது நாற்காலியை விட்டு எழுந்தேன்?

"பாருங்க இவனை! என் தம்பி! இவனை மாதிரி ஒருத்தன் இந்த ஆட்டத்துலயே கிடையாது!"

சொல்லி முடிக்கவில்லை. நான்காமவன் சுட்டுவிட்டான். கோப்பை போச்சு.

கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 16, திங்கள்

கருத்துகள் எதையும் படிக்கவில்லை.

பொய். எல்லாவற்றையும் படித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

அம்மா வீட்டில் இருந்தேன். தம்பி சாப்பிட வந்தான். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன், அவன் முந்திக்கொண்டான்.

"கோச் கேட்டப்ப நான் பேசியிருக்கணும்க்கா. உன்மேல கோவம். ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் வீடியோ போட்டு, நீ என்னைப் பத்தி ஏதாவது சொன்னியான்னு தேடுவேன். எவன் எவனையோ புகழ்ற, என்னை மட்டும் விட்டுடுற."

"சொன்னதுக்குத்தான் தோத்துட்டியேடா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? துப்பாக்கியில தோட்டா தீர்ந்துடுச்சு. கவனிக்காம விட்டுட்டேன்."

அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. "பாருங்க இவனை! என் தம்பி!" — என் குரல்தான், கத்திக் கிழிந்த குரல். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"எடுடா, கோச்சா இருக்கப் போறாரு" என்றேன்.

"இரு அக்கா, நீ பேசுறது இன்னும் முடியல."

சாப்பிட்டபடியே கடைசி வரை கேட்டான்.