அந்த வரிக்கு நேரே உங்கள் பெயர்

உங்கள் பையை இன்று காலையும் திறந்தேன். மருந்து நெடி இன்னும் போகவில்லை. பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல் எல்லாம் நீங்கள் வைத்த வரிசையிலேயே இருக்கின்றன, அண்ணே. மாற்றிவைக்கும் அளவுக்கு எனக்கு அவற்றைப் பற்றித் தெரியாது.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் ஞாயிறுதோறும் இந்தப் பையோடு கிராஞ்சியில் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிக்குப் போவீர்கள். வேலையில் அடிபட்டவர்களின் காயத்தைப் பார்ப்பீர்கள். யார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அவனோடு நீங்களே போவீர்கள். நம் சிறு சங்கத்துக்கு மானியம் கேட்டு மனு எழுதுவது மட்டும்தான் என் வேலை.

தேக்கா சந்தைக் கடையில் தே தாரிக் டீ ஆறிப்போக, எழுதியதை வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு வரிக்கும் கேட்பீர்கள்: "சரி சார், இத யாரு செய்யப் போறா?" பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். மனநல ஆலோசனை வழங்குவோம் என்று ஒருமுறை எழுதியிருந்தேன். "யாரு, நீங்களா? பசங்க மூஞ்சியப் பாத்துப் பேசவே வெக்கப்படுவீங்க" என்று சிரித்தீர்கள். அடித்தேன். இப்படி அடித்து அடித்தே நம் மனுக்கள் மெலிந்துபோகும். பல திரும்பி வந்தன.

நீங்கள் போன பிறகு சங்கத்தின் கையிருப்பும் கரைந்தது. பொருளாளர் சரசு மடிக்கணினியோடு வந்தார். "ஐயா, நம்ம பழைய மனு எல்லாத்தையும் ஏஐல போட்டுட்டேன். பாருங்க, டீ வர்றதுக்குள்ள ரெடிலா." நான் வாரக்கணக்கில் திணறுவதை அது தங்குதடையில்லாமல் எழுதியிருந்தது. எனக்குக் கொஞ்சம் வலித்தது. நிம்மதியாகவும் இருந்தது.

ஆனாலும் உங்கள் முறையை நான் விடவில்லை. அச்செடுத்து, பென்சிலோடு வரிவரியாக உட்கார்ந்தேன். இதை யார் செய்வது? சரசு. இதை? நான். அனுபவமிக்க செவிலியர் ஒருவர் வாரந்தோறும் விடுதிக்குச் சென்று காயங்களைப் பார்க்கிறார் என்று ஒரு வரி. இதை யார் செய்வது? யோசிக்கவே இல்லை. ஓரத்தில் உங்கள் பெயரை எழுதி, சரி போட்டேன்.

மானியம் கிடைத்தது. அதிகாரி தொலைபேசியில் அன்பாகத்தான் பேசினார்.

"எங்க கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சது அந்த நர்ஸ் பார்ட்தான் சார். அவரை ஒரு நாள் மீட் பண்ணலாமா?"

"அவர் இல்லீங்க."

"லீவ்ல இருக்காரா?"

உங்கள் சாவை அதுவரை நான் யாருக்கும் சொல்ல நேர்ந்ததில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்.

பணத்தை நிறுத்திவைத்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. அந்த இயந்திரத்தின் மேலும் சொல்ல முடியாது. பழைய மனுக்களில் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். புது ஆளின் பெயரோடு திரும்ப அனுப்பச் சொன்னார்கள்.

"அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம் ஐயா. பேர மட்டும் சொல்லுங்க" என்றார் சரசு.

நான் ஆள் தேடாமல் இல்லை. கேட்ட நர்ஸ்கள் எல்லாரும் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு என்றார்கள். நியாயம்தான். சரசு கணினியை மெல்ல மூடினார்.

போன ஞாயிறு பையை எடுத்துக்கொண்டு நானே கிராஞ்சிக்குப் போனேன். பேருந்து வர நேரமாயிற்று. திரும்பிவிடலாமா என்று நின்ற இடத்திலேயே பலமுறை நினைத்தேன். விடுதி வாசலில் உட்கார்ந்தேன். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் பையை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாங்கய்யா. பெரியவர் போனப்புறம் யாருமே வரல" என்று சொல்லிக்கொண்டே கைக்கட்டைத் தானே அவிழ்த்தார். "பாருங்க. ஆறுதா, இல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? சும்மா போனா ஒரு நாள் சம்பளம் போயிடும்."

பார்த்தேன். சிவந்திருந்தது. ஆறும்போது அப்படிச் சிவக்குமா, புரையோடும்போதா? உங்கள் பையும் உங்கள் கேள்வியும் என்னிடம் இருக்கின்றன, அண்ணே. உங்கள் கண் இல்லை. அவர் கையை நீட்டியபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.