நான் வெட்டி எறிந்த நான்கு நிமிடங்கள்

இன்று உங்கள் மேசையை ஒழிக்கச் சொன்னார்கள். இழுப்பறையைத் திறந்ததும் பென்சில் சீவல் வாசம். நூலகம் முழுவதும் கணினிக்கு மாறிய பிறகும் பட்டியல் அட்டையும் பென்சிலுமாக அடம்பிடித்த ஒரே மனிதர் நீங்கள்தான்.

ஜேர்மனியின் சிற்றூர்த் தேவாலயங்களில் யார் என்ன பாடினார்கள் என்று வரலாறு எழுதியவர் நீங்கள். ரொறன்ரோவுக்கு வந்து இந்த இசை நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தீர்கள். நான் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா எங்கள் ஸ்காபரோ வீட்டில் தேவாரம் பாடிய கசெற்றைக் கொண்டுவந்து, இதையும் இங்கே வைப்பீர்களா என்று கூச்சத்தோடு கேட்டேன். குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டீர்கள். ஒரு சொல்லும் விளங்காமல் கடைசிவரை கேட்டீர்கள். "முழுதாகக் கேட்காமல் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது" என்பீர்கள். வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உவருக்கு என்ன பிள்ளை விளங்கியிருக்கும்?"

கசெற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையை என்னிடம் தந்தீர்கள். பாட்டுக்கு முன்னால் இருந்த நான்கு நிமிடப் பேச்சையும் சட்டிபானைச் சத்தத்தையும் நான் வெட்டி எறிந்துவிட்டேன். தேவாரம் துப்புரவாக இருக்க வேண்டும் என்பது ஒரு சாட்டு. நீங்கள் கேட்கும் இடத்தில் எங்கள் குசினிச் சத்தம் எதற்கு என்ற வெட்கம்தான் உண்மை. நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள் என்பதைக்கூட யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் பழைய நாடா சிக்கி, அறுந்து, வீணாகிவிட்டது.

அம்மா போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் பாடிய குரல் என்னிடம் இருக்கிறது, பேசிய குரல் இல்லை. எவ்வளவு அழுதேன் என்று உங்களுக்குத் தெரியாது. செய்ததை உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து எவருடைய நாடாவிலும் ஒரு இருமலைக்கூட நான் வெட்டுவதில்லை. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் மேசை அப்படியே கிடந்தது. போன மாசியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

இழுப்பறையின் அடியில் அந்தக் கசெற்றுக்கு நீங்கள் எழுதிய அட்டை கிடந்தது. திருப்பினேன். உங்கள் பொடிக் கையெழுத்தில், ஆங்கில எழுத்துகளில், அந்த நான்கு நிமிடமும் இருந்தது. அர்த்தம் தெரியாமலே காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறீர்கள். இருமலுக்கு ஒரு குறி, கரண்டி விழுந்ததற்கு ஒரு குறி. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. எழுத்துக் கூட்டி, வாய்விட்டு வாசித்தேன்.

"பிள்ளை, உந்த றெக்கோடரை வைச்சுப்போட்டு ஓடிப்போய்ப் பார், பருப்பு அடிப்பிடிக்குது!"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.