பழம் உடைக்காத ஒரு வரி

நேற்று ஐந்தருவியில் உடைத்த மங்குஸ்தானின் கறை இன்னும் என் கட்டைவிரலில் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. இந்த ஊதாக் கறையோடு எத்தனை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் நாம் இருவரும். நீ போன பிறகு வரும் முதல் சாரல் இது.

நம் வேலையை வீட்டில் சொன்னால்கூட யாருக்கும் பிடிபடாது. சென்னை ஓரத்தில் இருக்கும் எங்கள் டேட்டா சென்டருக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். அதை வாங்க நான் வருவேன். சுரண்டை, சாம்பவர்வடகரைப் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்கள் சார்பில் விற்க நீ வருவாய். அந்த அறையில் பெண்கள் நாம் இருவர் மட்டும்தான். முதல் கூட்டத்தில் காலையில் என்னை ‘மேடம்’ என்றாய். நானும் தென்காசிக்காரி என்று தெரிந்ததும், மதியச் சாப்பாட்டுக்குள் ‘ஏட்டி’ என்றாய்.

விலை படிந்த பிறகும் சின்னச் சின்ன நிபந்தனைகள் இழுத்துக்கொண்டே கிடக்கும். பேசிச் சலித்தால் ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவோம். பழக்கடை முன்னால் நின்று ஒரு மங்குஸ்தானை எடுத்து நீட்டுவாய்.

“உள்ள எத்தனை சுளைன்னு சொல்லு. தோத்தவ விட்டுக்குடுக்கணும்.”

ஒவ்வொரு முறையும் நானே தோற்றேன். பழத்தின் அடியில் பூப்போல ஒரு தடம் இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்று கடைக்கார அண்ணாச்சி ஒருநாள் போட்டுக்கொடுத்தார். இரண்டு சீசன் என்னை ஏமாற்றியிருக்கிறாய்.

“களவாணி!” என்று கத்தினேன்.

“அடியத் திருப்பிப் பாக்காதது ஒன் தப்பு. மெட்ராசுக்குப் போனா அதெல்லாம் மறந்துபோயிருமோ?” என்று சிரித்தாய். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார்.

ஒரே ஒரு வரிக்கு மட்டும் நீ பழத்தை உடைக்கவில்லை. காற்றாலை நின்றால், நின்ற நேரத்துக்கு உங்கள் பக்கம் அபராதம் என்பது எங்கள் நிபந்தனை. பழுது பார்க்க ஆள் மேலே ஏறியிருக்கும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவன் இறங்கும்வரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று எழுதச் சொன்னாய். எங்கள் நிர்வாகம் மறுத்தது.

“மெஷின் நிக்கும்போதெல்லாம் ஆள் மேல இருக்கான்னு சொல்லிருவீங்களே” என்றேன்.

“சொல்லுவாங்கதான். நாலு பேரு பொய் சொல்லட்டும். அஞ்சாவது ஆளு உசுரோட எறங்கணும்லா?”

இந்த முறை நானே ஒரு பழத்தை எடுத்து நீட்டினேன். நீ அதை வாங்கிக் கூடையிலேயே வைத்தாய். “இதுக்குப் பழம் ஒடைக்கக் கூடாது” என்றாய்.

அன்றுதான் உன் தம்பியைப் பற்றிச் சொன்னாய். நல்ல காற்றுக் காலத்தில் அவன் மேலே வேலையாக இருந்திருக்கிறான். எப்போது ஓடும், எப்போது ஓடும் என்று கீழேயிருந்து போன் மேல் போன். அவசரமாக இறங்கியதில் ஏணியில் கால் தவறியது. இடுப்பு போனது. இப்போது பாவூர்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறான். “போன் பண்ணவனும் கெட்டவன் இல்லட்டி. அவனுக்கு மேல ஒருத்தன் கேட்டிருப்பான்” என்றாய். நான் சென்னைக்குப் போய்ச் சண்டை போட்டு அந்த வரியைச் சேர்த்தேன்.

அதன் பிறகு ஏதாவது மெஷின் நின்று நான் போன் செய்தால், உன்னிடமிருந்து வரும் முதல் பதில் அதுதான். “ஆள் எறங்கட்டும்.”

போன ஆவணியில் நீ நோயில் படுத்திருக்க, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தபோது கடைசிக் காய்ப்புப் பழங்கள் கொஞ்சம் கொண்டுவந்தேன். ஒன்றைத் திருப்பி அடியைப் பார்த்தாய். உடைக்க விரலில் பலம் இல்லை. என்னிடம் நீட்டினாய். நானும் அடியைப் பார்த்து ஆறு சுளை என்றேன்.

“படிச்சுட்டியே” என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, “புதுசா எழுதும்போது அந்த வரி இருக்கணும். எனக்குப் பதிலா வாறவனுக்கு அது ஏன்னு தெரியாது” என்றாய்.

“நீயே வந்து கேளு. ஒனக்குப் பதிலா யாரு வருவா?” என்றேன்.

“சரிட்டி” என்று மட்டும் சொன்னாய். ஐப்பசியில் காற்று ஓய்ந்தது. நீயும் போய்விட்டாய்.

நேற்று தென்காசியில் புது ஒப்பந்தக் கூட்டம். உன் நாற்காலியில் ஓர் இளைஞர். கெட்டிக்காரர், விலையில் ஓர் அங்குலம் நகரவில்லை. எங்கள் அலுவலகம் அனுப்பிய வரைவில் அந்த வரியைக் காணோம். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதைக் கேட்கவே இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காபியோடு முடிந்திருக்கும்.

“ஒண்ணு விட்டுப்போச்சு” என்று நானே எழுதிச் சேர்த்தேன்.

“மேடம், இதுல ஒங்களுக்குத்தான நஷ்டம்?” என்று விழித்தார். உன் தம்பியின் கடை எங்கே இருக்கிறது, அவன் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குச் சொன்னேன். அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

சென்னையிலிருந்து மேலதிகாரி போனில் கொதித்தார். “அவங்க கேக்கவே இல்லையேம்மா?”

“கேட்டவங்க செத்துப்போயிட்டாங்க சார். இதை எடுத்தா என் கையெழுத்து இருக்காது” என்றேன். “சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஐந்தருவிக்குப் போனேன். அண்ணாச்சி உன்னை விசாரித்தார். சொன்னேன். அவர் பழத்துக்குக் காசு வாங்க மறுத்தார். ஒன்றை உடைத்துத் தின்றேன். எத்தனை சுளை என்று கேட்க ஆள் இல்லாமல் தின்றால் அது வெறும் பழம்தான்.

ரயிலுக்குப் போகும் வழியில், சுற்றிலும் எல்லாம் சுழன்றுகொண்டிருக்க, ஒரு காற்றாலை மட்டும் நின்றிருந்தது. முன்பெல்லாம் எவ்வளவு மின்சாரம் போச்சு என்றுதான் என் மனம் கணக்குப் போடும். நேற்று கண் அதன் அடிக்குப் போனது. கீழே ஒரு பைக் நின்றது. அப்படியென்றால் மேலே ஆள் இருக்கிறான். அதையும் நீதான் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய். டிரைவரிடம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகுது என்று அவர் முனகினார்.

சாரலில் கண்ணாடி மங்கியது. துடைத்தேன், மறுபடி மங்கியது. கடைசியில் காற்றாலைக் கோபுரத்தின் அடியிலிருந்த கதவு திறந்தது. ஒருவன் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து இறக்கைகள் மெதுவாக அசைந்தன.

ஆள் எறங்கியாச்சுட்டி.