சும்மா கொடுத்த சாப்பாடு

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் ராட்டினப் பூங்கா ஓட்டலில் அறை எடுத்தால் மூன்று வேளைச் சாப்பாடு இலவசம். வரவேற்பு மேசையில் அதைச் சொல்லி அறையை விற்பதுதான் என் வேலை. சாப்பாடு வேண்டாம் என்றால் அறை பாதி விலைதான். ஆனால் அவர்களாகக் கேட்டால் ஒழிய அதை நாங்கள் சொல்லக் கூடாது.

நேற்று என்னிடம் அறை எடுத்த ஓர் அம்மா சாப்பாட்டுக் கூடத்தில் தட்டில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகளையும் இரண்டாம் முறை எடுக்க விடவில்லை.

“இன்னும் எடுத்துக்கோங்கம்மா” என்றேன்.

“வேணாம்மா. சும்மா குடுக்கறாங்கன்னு அள்ளிக்கிட்டா நல்லாவா இருக்கும்? நீ நல்லா இருக்கணும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் காசு கொடுத்த சோறு, அப்பா. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

என் பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே அனுப்புங்கள். இன்னொன்று. “எம்பொண்ணு ஊருக்கே சும்மா சோறு போடுறா” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாமே, தம்பி சொன்னான். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நேரமாகிவிட்டது, மேசைக்குப் போக வேண்டும்.

உங்கள் மகள்