செங்கல் ஒத்தடம்

10 ஜூன், திங்கள்
கம்பெனி வேன் பாகலூர் ரோட்டில் கவிழ்ந்து, எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. கிள்ளினால் தெரியாது. ஆனால் பாதம் மட்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி விடாமல் எரிகிறது. தண்டுவடத்தில் அடிபட்டால் இப்படியும் வரும், நரம்பு தப்பாகச் சேதி அனுப்புகிறது என்று கிருஷ்ணகிரி டாக்டர் சொல்லித்தான் மாத்திரை கொடுத்தார். என் புருஷன் பிரகாஷுக்கு அது ஏறவே இல்லை. "உணர்ச்சியே இல்லாத காலு எப்படி மேகலா வலிக்கும்? மாத்திரைக்குப் பழகிட்ட நீ." ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் தீர்ப்பு.

12 ஜூன்
இனி பாதி மாத்திரை போதுமாம். டாக்டர் பிரகாஷ் சொல்லிவிட்டார்.

15 ஜூன், சனி
மாமியார் மட்டும்தான் நம்புகிறார். இன்று செங்கல்லை அடுப்பில் சுட்டு, பழைய புடவையில் சுற்றி, என் பாதத்துக்கு அடியில் வைத்தார். "எங்க தளி ஊருல கால்வலின்னா இதாம்மா வைத்தியம். இதமா இருக்கா?"
சூடே தெரியவில்லை. "இருக்குங்க அத்தை" என்றேன். என் வலியை நம்பி ஒருத்தர் அடுப்பில் வேகிறார், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

16 ஜூன்
இரண்டு பாதத்திலும் கொப்புளம்.
பிரகாஷ் பார்த்துவிட்டுச் சொன்னது: "இவ்ளோ வெந்திருக்கு, ஒரு சத்தம் போட்டியா? உனக்கு வலியே கிடையாதுன்னு இப்பவாச்சும் ஒத்துக்க."
வெந்தது தெரியல. ஆனா எரியுது. ரெண்டும் வேற வேறன்னு இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்றது? என் காலை ஒரே ஒரு நாள் இவருக்கு மாட்டிவிடணும்.

18 ஜூன்
ஆஸ்பத்திரி. உணர்ச்சி இல்லாத இடத்தில் சூடு வைக்கலாமா என்று நர்ஸ் அத்தையைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். டாக்டர் வலியைப் பற்றி விளக்கியபோது பிரகாஷ் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார்.

27 ஜூன்
கட்டு மாற்றும்போதெல்லாம் அத்தை கேட்கிறார்: "எரியுதாம்மா?" இல்லை என்கிறேன். செங்கல் வைத்தது அவர் கைதானே, வேறென்ன சொல்ல? நம்பச் சொல்லி இத்தனை நாள் சண்டை போட்ட நானே இப்போது பொய் சொல்கிறேன்.

4 ஜூலை
புண் ஆறி வருகிறது. பிரகாஷ் காலையில் ஆரம்பித்தார்: "அம்மா கேட்டா எரியலங்கற. அப்புறம் பாதி மாத்திரையும் எதுக்கு? நிறுத்திடலாம்."
கத்திவிட்டேன். "எரியுது! தினமும் எரியுது, இப்பவும் எரியுது. உங்கம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான் இல்லன்னு சொன்னேன்."
அத்தை அடுப்படியில்தான் இருந்தார். வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முழு மாத்திரையை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு மகனைப் பார்த்து, "நின்னுக்கிட்டு என்னடா பாக்கற? தண்ணி கொண்டா."
கொண்டுவந்தார். சொம்பை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.