துடைத்த கிண்ணம்

ஜூலை 3

சாயங்காலம் ஆறு மணிக்கு ஐந்து பெண் கெளுத்தி மீன்களுக்கும் ஹார்மோன் ஊசி போட்டாயிற்று. பன்னிரண்டு மணி நேரத்தில் முட்டை பழுத்துவிடும். நாத்தனார்தான் ஈரத்துணி போட்டுப் பிடித்துக்கொண்டாள். புருஷனை விட்டுவிட்டு இங்கே வந்து எட்டு மாதமாகிறது. ஊசியைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மீனுக்குத்தானே போடுகிறேன், அவளுக்கா?

ஜூலை 4

எல்லாம் போச்சு.

ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் நாத்தனார் தொட்டியில் கை விட்டுப் பார்த்து, "தண்ணி ஜில்லுனு இருக்கு அண்ணி, முட்டை பழுக்க நேரமாகும். இன்னும் நாலு மணி நேரம் போகட்டுமே" என்றாள். பத்து வருஷமாக மீன்குஞ்சு பொரிக்கிற தொழில், எனக்கே பாடமா? ஆறு மணிக்கு மீன் வயிற்றை அழுத்தினேன். முட்டை லேசில் வரவில்லை. ரத்தம்கூட எட்டிப்பார்த்தது. விட்டேனா? இரண்டு ஆண் மீன்களை அறுத்து விந்துப்பையை எடுத்துக் கிண்ணத்தில் முட்டையோடு கலந்தேன். கெளுத்தியில் ஆணைக் கொன்றுதான் எடுக்க முடியும்.

சாயங்காலம் பார்த்தால் அத்தனை முட்டையும் வெள்ளை. செத்துவிட்டன.

"என்னாச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது. "உங்க தங்கச்சியக் கேளுங்க. கிண்ணத்தத் துடைக்கவே இல்ல." கலப்பதற்கு முன்பே சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விந்து வீண். அது அவருக்கும் தெரியும். அதோடு நிறுத்தினேனா, பாவி! அவளைப் பார்த்து, "நீ கால் வெச்ச எடம் எது வெளங்குச்சு?"

துடைத்தாள். இரண்டு முறை துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஜூலை 5

பையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அவர் என்னோடு பேசவில்லை. கிண்ணம் துடைத்த துணி கொடியில் தொங்குகிறது.

ஜூலை 19

நேற்று சாயங்காலம் மறுபடியும் ஊசி, ராத்திரி மறுபடியும் மழை. ஆறு மணிக்குத் தொட்டால் மீன் வயிறு இறுகிக் கிடந்தது. காத்திருந்தேன். பத்து மணிக்கு விரல் பட்டதுமே முட்டை தானாக வழிந்தது.

நாலு மணி நேரம். அவள் சொன்ன அதே நாலு மணி நேரம்.

ஜூலை 21

தொட்டி முழுக்கக் குஞ்சுகள். பார்க்கப் பார்க்க அழுகைதான் வந்தது. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்ற? அவகிட்ட சொல்லு" என்றார்.

ஜூலை 22

விடுதி வாசலில் நின்று அவளிடம் என் தப்பைச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 2

நேற்று அடுத்த ஊசி போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன், காலையிலேயே வந்தாள். தொட்டியில் கை விட்டாள். "இன்னும் ரெண்டு மணி நேரம்." கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவள் சொன்னபடியே ஆயிற்று.

மத்தியானம் மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.

"எனக்கு வேண்டாம் அண்ணி. டப்பா கொண்டு வந்திருக்கேன்."

தொட்டி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.