'கழிவு' என்று பெயரிட்ட ஃபோல்டர்

மார்ச் 3
சாட்சியச் சட்டம், பதினேழாம் அத்தியாயம் வாசித்துப் பதிவு செய்தேன். ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது. மூன்று முறை தடுக்கினேன். மூன்றையும் 'கழிவு' ஃபோல்டரில் தள்ளினேன். அழிக்க மாட்டேன். எங்கே தடுக்கினேன் என்று பிறகு கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். கமாவுக்கு ஒரு மூச்சு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு என்று கான்வென்டில் பிரம்போடு கற்றுக்கொடுத்தார்கள். பார்வையில்லாத ஒரு பெண் இந்தக் குரலை நம்பிச் சட்டம் படிக்கிறாள். என் தடுமாற்றமெல்லாம் அவள் காதுக்குப் போகக் கூடாது. இருபதாம் தேதி அவளுக்குப் பரீட்சை. புத்தகம் முடிந்ததும் மொத்தமாக அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அரைகுறையாகக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

மார்ச் 9
புத்தகம் முடிந்தது. கடைசிக் கோப்பைச் சேமித்த கையோடு கரண்ட் போயிற்று. பேட்டரி செத்து வெகு நாளாகிறது.
கரண்ட் வந்த பிறகு லேப்டாப் திறக்கவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் ஏதோ புலம்பல், கடைசியில் மினுக்கும் ஒரு கோடு.

மார்ச் 10
கம்ப்யூட்டர் கடைக்காரர் பார்த்தார். "டிஸ்க் அடி வாங்கியிருக்கும்மா. அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தரேன்."
அழிச்சுட்டா? எதை அழிக்கிறான் இவன்? தொண்டை கட்டி, வெந்நீரைக் குடிச்சுக் குடிச்சு வாசிச்சது! தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது?
'ஒரு நகல் வெச்சுக்கோங்க அத்தை' என்று மருமகள் இரண்டு முறை சொன்னாள். 'எனக்குத் தெரியும்' என்று நானும் இரண்டு முறை சொன்னேன். கம்பெனிகளில் கணினி படுத்துவிட்டால் எழுப்பி உட்கார வைப்பதுதான் அவள் உத்தியோகம். இருப்பதோ வேறு ஊரில். அவளையா கூப்பிடுவது?

மார்ச் 11
கூப்பிடவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால், 'கூப்பிட்டுத்தான் தொலையேன்' என்றிருப்பார்.

மார்ச் 12
கூப்பிட்டேன்.
"யானைக்கும் அடி சறுக்கும் அத்தை."
"நான் யானையா?"
"ஐயோ, பழமொழி சொன்னேன்!" சிரிப்பை அடக்குவது தெரிந்தது. திரையில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். "இது செத்த திரை இல்ல அத்தை. வீடு இடிஞ்சு கிடக்கு, வாசல்ல காவல்காரன் மட்டும் உக்காந்திருக்கான். அவனுக்கு நாலஞ்சு வேலைதான் தெரியும். ஆனா சாமானை எடுத்து வெளியில அனுப்பத் தெரியும். நாளைக்குக் காலையில நெட் கேபிளைச் செருகி வைங்க."

மார்ச் 13
போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் தட்டினேன். இடைவெளி எங்கே, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகுதான்.
"எங்க ஆபீஸ்ல யாரும் இவ்வளவு சுத்தமா அடிக்க மாட்டாங்க."
'எனக்குத் தெரியும்' என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.
டிஸ்கை 'படிக்க மட்டும்' என்று சொல்லித் திறந்தோம். அதில் புதிதாக எதை எழுதினாலும் இருப்பதும் கெட்டுவிடுமாம். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன — அத்தனையும் கேள்விக்குறி! நான் தமிழில் பெயர் வைத்திருந்தேன்; காவல்காரனுக்குத் தமிழ் தெரியாதாம். எது அத்தியாயம், எது கழிவு?
"பரவாயில்ல, மொத்தமா அள்ளிடலாம்."
"கழிவு வேண்டாம்."
"இடிஞ்ச வீட்டுலேர்ந்து சாமானை எடுக்கறப்போ குப்பையைப் பிரிச்சுக்கிட்டா இருப்பீங்க?"
சரி, அள்ளு என்றேன்.
எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவள் முகவரிக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கை முந்திக்கொண்டு என்டரைத் தட்டியது. தொடர்பு மறுக்கப்பட்டது என்று வந்தது. "இங்க என் கம்ப்யூட்டர் காதைத் திறந்த அப்புறம்தான் நீங்க அனுப்பணும் அத்தை," என்றாள். நியாயந்தான்.
மறுபடி தட்டினேன். ஒன்றுமே இல்லை. கோடு மட்டும் மினுக்குகிறது. போகிறதா? நின்றுவிட்டதா? விரல் நிறுத்தும் விசைக்குப் போய்விட்டது.
"எதையும் தொடாதீங்க! இங்க வந்துக்கிட்டிருக்கு."
அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை.
மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தது. நான் நம்பவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வரி உண்டாம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஒரு துளியும் சிந்தவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் வாசிக்கிறேன் என்றேன்.
"கடைசி மூணு கோப்பு போதும் அத்தை, என் காது பாவம்."
மூன்றும் ஒத்துப்போயின. அப்பாடா! கண் கலங்கிவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 14
'உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு' மருமகளே எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டாளாம். கழிவோடு! அவள் கணினியில் தமிழ்ப் பெயர்களெல்லாம் சரியாகவே தெரிந்தனவாம். மானம் கப்பலேறியது. நேற்றுக் காப்பாற்றியவளை இன்று எப்படித் திட்டுவது?

மார்ச் 17
அந்தப் பெண் அழைத்தாள்.
"அம்மா, 'கழிவு'ன்னு ஒண்ணு இருந்துச்சே, அதைத்தான் முதல்ல கேட்டேன்."
"அதை எதுக்கும்மா கேட்டே?"
"அப்படிப் பேரு வெச்சா யாருதான் கேக்காம இருப்பாங்க?"
தடுக்கிய இடத்திலெல்லாம் நான் புத்தகத்தோடு சண்டை போடுகிறேனாம். என் குரலிலேயே பேசிக் காட்டினாள்: "'இதுக்கு இவ்வளவு நீட்டி முழக்கணுமா? நீ பார்த்ததை நீ சொல்லு. பக்கத்து வீட்டுக்காரி பார்த்ததை அவளே வந்து சொல்லட்டும். அவ்வளவுதானே!'"
நானா சொன்னேன்? நினைவே இல்லை.
"செவிவழிச் செய்தி ஏன் சாட்சியமாகாதுன்னு எங்க சார் எவ்வளவோ சொன்னாரு. இப்பதான்மா புரிஞ்சுது. இன்னும் இருக்கா?"

மார்ச் 20
செவிவழிச் செய்தியிலிருந்து கேள்வி வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு வந்தேன் என்கிறாள்.

ஏப்ரல் 2
லேப்டாப்புக்குப் புது டிஸ்க், புது பேட்டரி. இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் மருமகளுக்கு ஒரு நகல். இன்று அவள் "தயார் அத்தை" என்ற பிறகே தட்டினேன்.
மாலையில் ஒப்பந்தச் சட்டம் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே தடுக்கினேன். "யாருக்குப் புரியணும்னு இப்படி எழுதறாங்க?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பதிவை நிறுத்தப் போன கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாக்கியம் சொல்ல வந்ததை என் பேச்சில் சொன்னேன். இரண்டு மூச்சு விட்டு, மேலே வாசித்தேன்.